சதவீதத்தை நம்பும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி

2020 மே மாதம், கொரோனா ஊரடங்கு நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் 10 இடங்களைத் தேர்ந்தெடுத்து, வீடு வீடாகச் சென்று ரத்தம் எடுத்தார்கள் சுகாதாரப் பணியாளர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நாடு முழுவதும் 70 மாவட்டங்களில் நடத்திய முதல் ஆன்டிபாடி ஆய்வு அது. தமிழகத்திலிருந்து சென்னை, கோவை, திருவண்ணாமலை ஆகிய 3 மாவட்டங்கள் அதில் இருந்தன. மாவட்டத்துக்கு 400 பேர்தான் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை மாவட்டத்தில் மட்டும் 24 லட்சத்துக்கும் அதிகமானோர் வசிக்கிறார்கள். இவ்வளவு சிலரை வைத்து நாட்டின் நிலையை எப்படி அறிய முடியும்?

பானையும் ஒரு சோறும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அரிசி சீராக வெந்திருந்தால்தான் அது சரி. பிரியாணி தேக்சாவில் மேலாக ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தால், அடியில் இருக்கும் மசாலா தெரியாது. நன்றாகக் கிளறிவிட்டு எடுத்தால் ஒரு கரண்டியே போதும். புள்ளியியலில் அந்தக் கிளறும் வேலையைச் செய்வது குலுக்கல். எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்தால், ஏழை, பணக்காரர், அந்த மதம், இந்த மதம் என்ற பேதமில்லாமல் ஒவ்வொருவருக்கும் சமமான வாய்ப்பு உண்டு. இதுவே சமவாய்ப்பு மாதிரி.

குலுக்காமல் எடுத்தால் என்ன ஆகும்? பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் நின்று ஆயிரம் பேரிடம் சொந்த ஊரைக் கேட்டால், திருவண்ணாமலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள் என்று முடிவு வரலாம். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் நின்று எண்ணினால், ஊரில் பெண்களே இல்லை என்று வரும். ஆயிரத்தைப் பத்தாயிரமாக்கினாலும் இந்தத் தவறு சரியாகாது. தேர்ந்தெடுத்த விதமே கோணல்.

ஆய்வு எப்படி நடந்தது?

அந்த ஆய்வில், பதிவான தொற்று எண்ணிக்கையைப் பார்த்து மாவட்டங்களை முதலில் 4 அடுக்குகளாகப் பிரித்தார்கள். தொற்று அதிகம் உள்ள மாவட்டங்கள் மட்டுமோ, இல்லாதவை மட்டுமோ வந்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. பிறகு ஒவ்வொரு மாவட்டத்திலும் 10 கிராமங்கள் அல்லது வார்டுகள். ஒவ்வொன்றிலும் 40 பேர். ஒரு வீட்டுக்குப் பெரியவர் ஒருவர் மட்டும். ஒரே வீட்டில் எல்லோருக்கும் சேர்ந்தே தொற்று வரக்கூடும் என்பதால், ஒரு வீட்டில் ஐந்து பேரை எடுப்பதைவிட ஐந்து வீடுகளில் ஒவ்வொருவரை எடுப்பது அதிகம் சொல்லும்.

28,000 பேரிடம் கிடைத்த முடிவு: பெரியவர்களில் 0.73 சதவீதத்தினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அதாவது நாட்டில் சுமார் 64 லட்சம் பேர். ஒரு மாவட்டத்தின் 400 பேரில் இது ஏறக்குறைய 3 பேர்தான். ஆகவே ஒரு மாவட்டத்துக்கென்று தனியாக உறுதியான முடிவு சொல்ல 400 போதாது. 70 மாவட்டங்களையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் நாட்டின் நிலை தெரிகிறது.

நம் மீது வீசப்பட்ட சதவீதம்

இதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. பரிசோதனையில் உறுதியான ஒரு தொற்றுக்கு, உண்மையில் 82 முதல் 130 தொற்றுகள் இருந்தன. நூற்றில் ஒன்றுதான் கண்ணில் பட்டது.

இப்போது 2020 ஏப்ரல் 18-ஐ நினைத்துப் பாருங்கள். நாட்டில் உறுதியான 14,378 தொற்றுகளில் 4,291, அதாவது 29.8 சதவீதம், டெல்லி தப்லீக் ஜமாஅத் நிகழ்வோடு தொடர்புடையவை என்றது மத்திய சுகாதார அமைச்சகம். தமிழகத்தில் இது 84 சதவீதம் என்றது. எண்ணிக்கையில் பொய் இல்லை. அங்கு சென்று வந்தவர்களில் பலருக்குத் தொற்று இருந்ததும் உண்மை. ஆனால் அன்று பரிசோதனை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. டெல்லி சென்று வந்தவர்களைப் பட்டியல் வைத்துத் தேடிப் பரிசோதித்தார்கள். நோயைக் கட்டுப்படுத்த அது தேவையான வேலைதான். ஆனால் தேடிய இடத்தில் கிடைத்த எண்ணிக்கையை, நாட்டில் நோய் பரவியதன் அளவுகோலாகக் காட்டியது தவறு. அது குலுக்கல் மாதிரி அல்ல. நூற்றில் ஒன்று மட்டும் தெரிந்த நிலையில், தெரியாத 99 யாரிடமிருந்து பரவியது என்று அந்த 29.8 சதவீதத்தால் சொல்லவே முடியாது. அதற்குள் எத்தனை வியாபாரிகள், எத்தனை குடும்பங்கள் பழி சுமந்தன!

நாம் செய்ய வேண்டியது

இனி ஏதேனும் சதவீதம் வாட்ஸ்அப்பில் வந்தால், அது நமக்குச் சாதகமானதாகவே இருந்தாலும், மூன்று கேள்விகளைக் கேட்போம். யாரிடம் எடுத்தார்கள்? எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள்?

மூன்றாவது கேள்வி நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. முஸ்லிம்களின் கல்வி, வேலை நிலையை 2006-ல் சச்சார் குழு எடுத்துச் சொன்னபோது, தேசிய மாதிரி ஆய்வின் தரவுகள் அதற்குக் கைகொடுத்தன. அப்படிப்பட்ட ஆய்வுக்குக் குலுக்கலில் நம் வீடு வந்தால், வந்தவரின் அடையாள அட்டையைப் பாருங்கள், நோக்கத்தைக் கேளுங்கள், திருப்தியானால் பதில் சொல்லுங்கள். நம் வீடுகளெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டால், நம் பிள்ளைகளின் நிலை கணக்கில் வராமலே போய்விடும்.