தற்காலிக நம்பரில் கார் ஓட்டியவருக்கு ரூ.6 லட்சம் ‘அம்போ’! புது வண்டிக்காரர்களே உஷார்

வீரகேரளம்புதூர்,

புது வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டியாச்சு. நம்பர் போர்டைப் பார்த்தீர்களா?

வீரகேரளம்புதூர், சுரண்டை பக்கம் வாங்கும் வண்டிக்கு வழக்கமாகத் தென்காசி ஆர்.டி.ஓ. ஆபீசின் ‘டி.என்.76’ நம்பர்தான். தற்காலிகப் பதிவு என்றால் மஞ்சள் போர்டில் சிவப்பு எழுத்து. அதற்குக் கெடு உண்டு. ‘குற்றால சீசன் முடியட்டும், பார்த்துக்கலாம்’ என்று இருப்பவர்கள் இதைப் படியுங்கள்.

9 நாள்தான்!

ராஜஸ்தான்காரர் ஒருவர் 2011-ல் புது கார் வாங்கினார். ரூ.6 லட்சத்து 17 ஆயிரத்து 800-க்கு இன்சூரன்சும் எடுத்தார். தற்காலிகப் பதிவு ஜூலை 19-ந் தேதியோடு முடிந்தது. நிரந்தர நம்பர் வாங்கவில்லை.

அதே காரில் ஜோத்பூர் போனார். 28-ந் தேதி இரவு விடுதிக்கு வெளியே நிறுத்திவிட்டுத் தூங்கினார். காலையில் காரைக் காணோம்!

இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்தது. மாநில, தேசிய நுகர்வோர் கமிஷன்களில் கார்க்காரருக்கே வெற்றி. கம்பெனி விடவில்லை, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

‘நின்ற காரைத்தானே திருடினார்கள்? நம்பருக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று நீங்கள் கேட்கலாம். பதிவு இல்லாத காரை வெளியூருக்கு ஓட்டிப்போனதே சட்ட மீறல், பாலிசி நிபந்தனையையும் மீறியதாகும் என்று 30-9-2021 அன்று தீர்ப்பானது. 10 வருஷம் அலைந்தும் சல்லிக்காசு இல்லை!

ரூ.1,758 பாக்கி

2024 மே 19-ந் தேதி புனேயில் சொகுசு கார் மோதி, பைக்கில் வந்த 2 இளம் என்ஜினீயர்கள் பலியானார்கள். கோடிக்கு மேல் விலையுள்ள அந்தக் காருக்கும் தற்காலிகப் பதிவுதான். ரூ.1,758 கட்டணம் கட்டாததால் நிரந்தர நம்பர் கிடைக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. ஓட்டியது 17 வயது சிறுவன் என்று வழக்கு.

அபராதம்

பதிவு இல்லாமல் ஓட்டி முதல் தடவை சிக்கினால், மோட்டார் வாகன சட்டம் 192-வது பிரிவுப்படி ரூ.2 ஆயிரம் முதல் ரூ.5 ஆயிரம் வரை அபராதம். மறுபடி சிக்கினால் ரூ.10 ஆயிரம் வரை போகலாம், ஜெயிலும் உண்டு.

பதிவு வேலையை ஷோரூம்காரர்களே பார்ப்பது வழக்கம்தான். ஆனால் தாமதமானால் மாட்டுவது வண்டிக்காரர். இன்று வீட்டுக்குப் போனதும் பதிவுச் சீட்டில் கெடு தேதியைப் பாருங்கள். முடிந்திருந்தால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்!