விலாவில் பட்ட அடி, சிறுநீரகத்தில் ஊமைக்காயம்

ஜவ்வாது மலையில் புளி உலுக்க மரமேறுவதும் தேனெடுக்கப் பாறையில் இறங்குவதும் பிழைப்போடு கலந்தவை. மலைப்பாதையும் ஆபத்தானதுதான். 2022 ஏப்ரலில் செம்பரை மலைக்கோயிலுக்குச் சென்ற வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் உயிரிழந்தார்கள். விழுந்து எழுந்தவர், ‘எலும்பு முறியவில்லை’ என்று வீட்டிலேயே படுத்துவிடுவது இன்னொரு ஆபத்து. மேலே கீறல்கூட இல்லாமல் உள்ளே சிறுநீரகம் கிழிந்திருக்கலாம்.

எங்கே அடிபடுகிறது?

சிறுநீரகங்கள் முதுகுப்புறம், கடைசி விலா எலும்புகளை ஒட்டி இருக்கின்றன. இரண்டின் வழியாகவும் நிமிடத்துக்கு 1 லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. கிழிசல் பெரிதானால் ரத்தப்போக்கும் பெரிது. குழந்தைகளுக்கு விலாவும் கொழுப்பும் தரும் காப்பு குறைவு.

அறிகுறிகள்

சிறுநீர் சிவப்பாகவோ கடுங்காப்பி நிறத்திலோ போவது, விலாப்புறம் வலித்துக் கன்றிப்போவது, வயிறு உப்புவது, தலைசுற்றிக் குளிர்ந்து வியர்ப்பது. சிறுநீர் தெளிவாகப் போனாலும் அசட்டை வேண்டாம். சிறுநீரகத்தின் ரத்தக்குழாயே அறுந்துவிட்டால், சிறுநீரில் ரத்தம் தெரியாமலும் போகலாம்.

அறுவை சிகிச்சை எப்போது?

சிடி ஸ்கேன் பார்த்துக் காயத்தை 5 நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் மூன்று நிலைகள் பெரும்பாலும் படுக்கை ஓய்விலும் கண்காணிப்பிலுமே ஆறிவிடும். கசியும் ரத்தக்குழாயைத் தொடைவழியே மெல்லிய குழாய் செலுத்தி அடைக்கலாம். சிறுநீர் கசிந்தால் உள்ளே ஸ்டென்ட் எனும் மெல்லிய குழாயை வைப்பார்கள். ரத்தம் ஏற்றியும் ரத்த அழுத்தம் நிலைக்காவிட்டால் வயிற்றைத் திறந்தாக வேண்டும். முடிந்தவரை கிழிசலைத் தைப்பார்கள், அல்லது சிதைந்த பகுதியை மட்டும் நீக்குவார்கள். முழுதாக அகற்றுவது உயிர்காக்கும் கடைசி வழி. மற்றது நன்றாக இருந்தால் ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழலாம். ஜெர்மனியில் அறுவை மருத்துவர் குஸ்டாவ் சைமன் 1869-லேயே ஒருவரின் சிறுநீரகத்தை அகற்றி இதைக் காட்டினார்.

மலை இறங்கும்முன்

எண்ணெய் போட்டு நீவாதீர்கள், சுளுக்கு வழிக்காதீர்கள். கடையில் வலி மாத்திரை வாங்கித் தராதீர்கள். சில மாத்திரைகள் ரத்தப்போக்கைக் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சாப்பிடக் கொடுக்காமல், படுத்தநிலையில், அதிகம் அசைக்காமல் டோலியிலோ கட்டிலிலோ சாலைக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். அடிபட்ட நேரத்தையும் சிறுநீரின் நிறத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். திருவண்ணாமலையிலும் வேலூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. சாலை விபத்தென்றால், 2021-ல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

வீடு திரும்பிய பின்

ஆறிவருகிற காயம் சில வாரங்கள் கழித்தும் திடீரெனக் கசியலாம். மருத்துவர் சொல்லும்வரை விறகுச்சுமை, மரமேறுதல், பைக் பயணம் வேண்டாம். சிறுநீர் மீண்டும் சிவந்தால் அன்றே கீழே இறங்குங்கள். ரத்த அழுத்தத்தை அவ்வப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அடிபட்ட சிறுநீரகம் பின்னாளில் அதை உயர்த்தக்கூடும்.