கனத்தது நேரே போகும்

பாகூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எங்கள் அத்தைக்கு ஜிப்மரில் கரண்ட் வைக்கிறார்கள். சென்னையில் புரோட்டான் வைத்தால் பக்க விளைவே இருக்காது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. நிலத்தை விற்றாவது அங்கே கூட்டிப்போகலாமா? நான் படித்தவரை புரோட்டானுக்கும் எலெக்ட்ரானுக்கும் மின்னூட்டம் சரிசமம். அப்புறம் இதில் என்ன உசத்தி, என்ன மட்டம்?"

நிலத்தைப் பற்றிய கேள்விக்கு அத்தையின் மருத்துவரிடம் பேசாமல் பதில் கிடையாது. மற்றது இயற்பியல், அதை வாட்ஸ்அப்பிடம் விட்டுவைக்க வேண்டியதில்லை.

மின்னூட்டம் சரிசமம்தான். ஒன்று நேர், மற்றது எதிர். அளவில் இதுவரை எந்தச் சோதனையிலும் வித்தியாசம் தென்படவில்லை. எடையில்தான் சங்கதி. ஒரு புரோட்டானைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால், மறு தட்டில் 1836 எலெக்ட்ரான் வைக்க வேண்டும். புரோட்டான் சிகிச்சையின் உசத்தி, அதன் விலை இரண்டுமே இந்த எண்ணிலிருந்து வருபவை.

முதலில் ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளில் 'கரண்ட்' வைக்கும், அதாவது கதிர்வீச்சு கொடுக்கும், லினாக் எந்திரம். அது முடுக்குவது எலெக்ட்ரானைத்தான். எடை குறைவு என்பதால் வேகம் பிடிக்க அதிக இடம் வேண்டாம். 6 மில்லியன் எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொடுத்தாலே ஒளியின் வேகத்தில் 99.7 சதவீதத்தைத் தொட்டுவிடும். தோலை ஒட்டிய கட்டி என்றால் அந்த எலெக்ட்ரானையே உடம்பில் பாய்ச்சலாம். ஆழத்தில் இருந்தால் அதை டங்ஸ்டன் தகட்டில் மோதவிட்டு, அதிலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிரைப் பயன்படுத்துகிறார்கள். எக்ஸ் கதிர் கட்டியோடு நிற்காது. தோலுக்குச் சற்று உள்ளே உச்சம் தொட்டு, போகப்போகக் குறைந்து, மறுபக்கம் வெளியேறும். வழியில் இருக்கும் உறுப்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

புரோட்டான் நடந்துகொள்ளும் விதமே வேறு. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வீதி நெடுகக் கூட்டம். தேர்மேல் நிற்பவர் இரண்டு பக்கமும் விபூதி கொடுத்துக்கொண்டே வருகிறார். தேர் விரைந்து உருண்டால் அவர் கை நீள்வதற்குள் ஒரு வாசல் தாண்டிப்போய்விடும். வேகம் குறைந்தால் ஒவ்வொரு வாசலுக்கும் கூடுதலாகக் கிடைக்கும். புரோட்டான் தேரில் ஒரு விசேஷம்: கொடுக்கக் கொடுக்க வேகம் குறையும், வேகம் குறையக் குறைய இன்னும் அள்ளிக் கொடுக்கும். தேரடியை நெருங்கி, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத கட்டத்தில் தட்டு மொத்தமும் காலி.

இங்கே கூட்டம் என்பது உடம்பின் அணுக்களில் இருக்கும் எலெக்ட்ரான்கள். விபூதி வாங்கியவர் வீட்டுக்குள் போவதில்லை. வாசலைவிட்டே பெயர்ந்து விழுகிறார். அப்படி எலெக்ட்ரான்கள் பெயர்வதால்தான் புற்று செல்லின் டிஎன்ஏ உடைகிறது. இந்தத் தேருக்கு வடமும் இல்லை, முட்டுக்கட்டையும் இல்லை. புறப்படும்போது ஒளியின் வேகத்தில் 60 சதவீதத்தில் உருள்கிறது. நிலைக்கு வந்ததும் கூட்டத்தில் ஒருவரைப் பிடித்து மேலே ஏற்றிக்கொண்டு சாதாரண ஹைட்ரஜன் அணுவாகிவிடும். எந்த ஊர்த் தேரும் இப்படிச் செய்யாது!

கணக்கு எளிது. வேகம் பாதியானால் ஒவ்வோர் எலெக்ட்ரானின் பக்கத்திலும் இருக்கும் நேரம் இரண்டு மடங்கு. அது வாங்கும் உந்தம் இரண்டு மடங்கு, ஆற்றல் நான்கு மடங்கு. 230 மில்லியன் எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு தண்ணீரில் நுழையும் புரோட்டான் ஏறத்தாழ 33 செ.மீ போய் நிற்கும். முதல் மில்லிமீட்டரில் அது விடுவது அரை மில்லியனுக்கும் குறைவு. கடைசி ஒரு மில்லிமீட்டர் சொச்சத்தில் விடுவது 10 மில்லியன். அதற்கப்பால் புரோட்டான் போவதில்லை. நுழையும் ஆற்றலைக் கூட்டிக் குறைத்து எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

எலெக்ட்ரானுக்கு இந்தச் சாமர்த்தியம் ஏன் இல்லை? கூட்டத்தில் இருப்பவர்களும் அதே எடை. முட்டினால் வந்தவரும் திசை மாறுவார், நின்றவரும் பறப்பார். ஒரே மோதலில் ஆற்றலில் பெரும்பங்கு போகலாம். பத்து எலெக்ட்ரான் பத்து ஆழத்தில் நிற்கும். புரோட்டானோ எலெக்ட்ரானை நேருக்கு நேர் முட்டினாலும் தன் ஆற்றலில் ஏறத்தாழ 400-ல் ஒரு பங்குக்கு மேல் இழக்காது. பாதையும் பெரிதாக வளையாது.

வரலாறும் கொஞ்சம். எலெக்ட்ரானை 1897-ல் தாம்சன் கண்டுபிடித்தார். புரோட்டானுக்கு 1920-ல் ரூதர்போர்டு பெயர் வைத்தார். துகள் நிற்கப்போகும் இடத்தில் ஆற்றல் குவிவதை வில்லியம் பிராக் அதற்கு முன்பே, ஆல்ஃபா துகள்களில் பார்த்துவிட்டார். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த ராபர்ட் வில்சன் 1946-ல் இதை மருத்துவத்துக்குச் சொன்னார். 1954-ல் பெர்க்லியில் நோயாளிகளுக்குப் புரோட்டான் கொடுக்கத் தொடங்கினார்கள். சென்னைக்கு வந்தது 2019-ல், தரமணியில் உள்ள அப்போலோ மையத்துக்கு.

இனி செலவு. 1836 மடங்கு கனமான ஒன்றை முடுக்குவதும் வளைப்பதும் லேசு இல்லை. அதற்கான சைக்ளோட்ரான் எந்திரத்தின் எடை மட்டும் 200 டன்னைத் தாண்டலாம். நோயாளியைச் சுற்றி அந்தக் கற்றையைத் திருப்பும் சட்டகம் மாடிக்கட்டடம் அளவுக்கு வளரும். செலவு அங்கிருந்துதான் வருகிறது.

வீடியோ சொல்லும் "பக்க விளைவே இல்லை" என்பது சுத்தப் பொய். கட்டி ஒரு மில்லிமீட்டர் கோடு அல்ல. அதன் முழுப் பருமனையும் நிரப்ப, வெவ்வேறு ஆற்றல்களில் பல உச்சங்களை அடுக்க வேண்டும். அப்படி அடுக்கும்போது கட்டிக்கு முன்னால் இருக்கும் திசுவுக்கும் கணிசமாகப் போய்ச்சேரும். புரோட்டான் எங்கே நிற்கும் என்பதும் வழியில் எவ்வளவு எலும்பு, எவ்வளவு காற்று என்ற கணிப்பைப் பொறுத்தது. சிகிச்சை நாட்களில் நோயாளி மெலிந்தாலோ கட்டி சுருங்கினாலோ கணிப்பு பிசகி, உச்சம் அடுத்த உறுப்பில் போய் விழலாம்.

குழந்தைகளின் மூளைக் கட்டி, கண் கட்டி, மண்டையோட்டு அடித்தளக் கட்டி போன்றவற்றில் புரோட்டானுக்கு நல்ல இடம் உண்டு. புராஸ்டேட் புற்றுநோயில் அமெரிக்காவில் புரோட்டானையும் நவீன எக்ஸ் கதிரையும் நேரடியாக ஒப்பிட்டார்கள். 2024-ல் வெளியான முடிவில் நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே பாகூர் நண்பர் மருத்துவரிடம் "எது உசத்தி?" என்று கேட்க வேண்டாம். "அத்தையின் கட்டிக்குப் பின்னால் எந்த உறுப்பு இருக்கிறது? எக்ஸ் கதிரில் அதற்கு எவ்வளவு போகும்? புரோட்டானில் எவ்வளவு மிச்சமாகும்?" என்று கேட்கட்டும். திட்டமிடும் கணினி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். மிச்சம் சொற்பம் என்றால், அதற்காக நிலத்தை விற்க வேண்டியதில்லை.