ஆட்சேபணை! – 9: சப்பாத்து வழக்கு

1984-இல் 'விதி' படத்தின் வசன கேசட் டீக்கடைதோறும் ஒலித்ததில் போன வாரம் நின்றோம். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2001 அக்டோபரில் வெளியிட்ட 'க்யாக்குதென் சைபான்' வீடியோ ஆட்டம், ஆங்கிலத்தில் 'ஏஸ் அட்டர்னி' ஆனது, அதன் வக்கீல் ஃபீனிக்ஸ் ரைட், அவன்மேல் உலகம் கொண்ட பித்து எல்லாம் முதல் எட்டு வாரத்தில் வந்துவிட்டன. மறுபடி சொல்ல இடமில்லை.

இந்த வாரம் அந்த ஆட்டத்தின் இசையைப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வைத்து மேடையில் வாசித்த கதையை எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். குறிப்பெல்லாம் எடுத்து வைத்தாயிற்று. செவ்வாய்க்கிழமை மாலை அக்கா மகள் வந்தாள். பிரெஞ்சு வழியில் படிக்கும் பெண். இந்த ஆட்டத்தையும் பிரெஞ்சில்தான் ஆடி முடித்திருக்கிறாள். மேசைமேல் கிடந்த பழைய அத்தியாயம் ஒன்றைப் புரட்டியவள், "மாமா, யாரு இந்த கம்ஷூ? அப்படி ஒருத்தர் ஆட்டத்துலயே கிடையாதே" என்றாள்.

"என்னம்மா சொல்ற? கன்னத்துல பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு, நீளமா கோட்டு மாட்டிக்கிட்டு வருவாரே, அந்தப் போலீஸ்காரர்."

"அவரா? அவர் பேரு திக் தெக்தீவ் மாமா!"

ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திக் தெக்தீவ். பிரெஞ்சில் துப்பறிவாளருக்கு 'தெத்தெக்தீவ்' என்று பெயர். பெயரைச் சொல்லும்போதே அவர் தொழிலும் வாயில் வந்துவிடுகிறது! அந்த நிமிடம் கச்சேரிக் குறிப்புகளை ஓரமாக ஒதுக்கினேன். இரண்டு நாளாக எனக்கு வேறு நினைப்பே இல்லை.

இந்த ஆட்டத்தின் ரசிகர்களைப் பிடித்து உலுக்குவது கொலையும் தீர்ப்பும் மட்டும் இல்லை. பெயர்கள். காளமேகத்தின் சிலேடையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். ஜப்பானிய மூலத்தில் நாயகன் பெயர் நருஹோதோ. ஒருவர் சொல்வது மண்டையில் உறைத்ததும் ஜப்பானியர் வாயில் தானாக வரும் சொல் அது. நம் ஊரில் "ஓ, அப்படியா சங்கதி!" என்கிறோமே, அதேதான். எதிர்த்தரப்பு வக்கீல் பெயர் மித்சுருகி, அதற்குள் ஒரு வாள் இருக்கிறது. முதல் ஆட்டத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த அலெக்சாண்டர் ஓ. ஸ்மித் அந்த வாளைத் தொலைக்காமல் 'எட்ஜ்வர்த்' என்று வைத்தார். வாளின் கூர்முனை பெயரில் தங்கிவிட்டது. பிரெஞ்சில் அதே ஆள் பெஞ்சமின் ஹன்டர், வேட்டைக்காரன். ஆள் ஒன்று, பெயர் மூன்று, ஒவ்வொரு பெயரும் அவனைப் பற்றிக் கொஞ்சம் வேறு மாதிரி கோள் சொல்கிறது.

நம் போலீஸ்காரருக்கு ஜப்பானியத்தில் இதோநோகோகிரி என்று பெயர். இழை போன்ற மெல்லிய அலகு உள்ள தச்சு ரம்பம். இதை ஆங்கிலத்தில் அப்படியே எழுதினால் யாருக்கும் சிரிப்பு வராது. அதனால் ரம்பத்தை விட்டுவிட்டு 'கம்ஷூ' என்ற அமெரிக்கக் கொச்சைச் சொல்லைப் பிடித்தார்கள். கம்ஷூ என்றால் ரப்பர் அடி வைத்த காலணி. அதை மாட்டிக்கொண்டால் நடக்கிற சத்தம் கேட்காது என்பதால் துப்பறிபவருக்கே அது பட்டப்பெயராகிவிட்டது.

காலணி. கோர்ட்டுக்குள் ஒரு காலணி. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவன் இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டுவிட்டு எப்படிப் பேசாமல் இருப்பான்?

1873 ஜனவரி. நம் ஊர் கோர்ட்டுக்குள் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வக்கீல் நுழைகிறார், காலில் ஐரோப்பியச் சப்பாத்தோடு. சப்பாத்து என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். போர்த்துகீசியரிடமிருந்து வந்து நம் பாட்டன்மார் வாயில் குடியேறிய சொல் அது. உள்நாட்டார் நீதிமன்றத்துக்குள் வரும்போது பாதரட்சையை வாசலில் கழற்றிவிட வேண்டும் என்பது அன்றைய வழக்கம். பொன்னுத்தம்பி கழற்றவில்லை. நீதிபதி அதை மன்றத்துக்குச் செய்த அவமரியாதையாக எடுத்துக்கொண்டு அவர்மேல் நடவடிக்கை எடுத்தார்.

இந்த இடத்தில் ஆட்டத்தின் ரசிகன் என்ன செய்வான் என்று எண்ணிப் பார்க்கிறேன். அந்த ஆட்டத்தில் வக்கீலிடம் ஒரு ஆவணக் கட்டு இருக்கும். ரசீது, உடைந்த கடிகாரம், கசங்கிய கடிதம் என்று வழக்கில் அகப்பட்ட பொருளெல்லாம் அதில் வரிசையாக நிற்கும். சாட்சி சொல்லும் ஒவ்வொரு வரியிலும் "பொறு!" என்று குறுக்கிடலாம். எந்த வரியில் பொய் தலைகாட்டுகிறதோ அங்கே சரியான பொருளை எடுத்து நீட்டி "ஆட்சேபணை!" என்று கத்தலாம். பொன்னுத்தம்பியின் கட்டில் இருந்தது ஒரே பொருள், ஒரு ஜோடி சப்பாத்து. சாட்சி வாக்குமூலமும் ஒரே வரிதான்: "காலணியோடு வருவது மன்றத்துக்கு அவமதிப்பு."

பொறு. யாருடைய காலணி? வெள்ளைக்கார வக்கீல் அதே சப்பாத்தோடு உள்ளே வருகிறாரே, மன்றத்துக்கு அப்போது ஒன்றும் நேரவில்லையா? சப்பாத்து ஒன்றுதான், தோல் ஒன்றுதான், ஆணி ஒன்றுதான். பிரெஞ்சுக் கால் மாட்டினால் மரியாதை, தமிழ்க் கால் மாட்டினால் அவமதிப்பு என்றால் குற்றம் சப்பாத்தில் இல்லை, காலில் இருக்கிறது. மூன்றாம் குடியரசு பிறந்து அப்போது மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று ஓயாமல் முழங்கிய அரசு அது. ஆட்டத்தில் இதைவிடப் பெரிய முரண்பாட்டை நான் பார்த்ததில்லை.

பிரெஞ்சுக்காரர் மட்டுமா இப்படி என்றால், இல்லை. 1862-இல் சூரத்தின் ஆங்கிலேய நீதிமன்றத்தில் ஒரு பார்சிக்காரர் காலணியைக் கழற்ற மறுத்ததற்காக வெளியே அனுப்பப்பட்டார். இன்னொன்றையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேல்சாதித் தெருவைக் கடக்க வேண்டியிருந்தவர்கள் இதே மண்ணில் இருந்தார்கள். அவர்களுக்கு வழக்கும் இல்லை, வக்கீலும் இல்லை. வெள்ளாளரான பொன்னுத்தம்பிக்கு ஒரு நாள் கோர்ட் வாசலில் நேர்ந்தது, அவர்களுக்கு அன்றாடம் தெருமுனையில் நேர்ந்தது. காலணி என்பது நம் நாட்டில் என்றைக்குமே வெறும் காலணியாக இருந்ததில்லை.

பொன்னுத்தம்பி அடங்கிப் போகவில்லை. விவகாரம் கப்பலேறி பாரிசுக்குப் போயிற்று. பிரான்சின் மிக உயர்ந்த மன்றமான கூர் த கசாசியோன் முன்னால் புதுச்சேரியின் ஒரு ஜோடி சப்பாத்து போய் நின்றது. அந்த நீண்ட கூடத்தையும், அங்கியணிந்த நீதிபதிகளையும், அவர்கள் கையில் புரளும் காகிதத்தில் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற பெயரையும் நினைத்துப் பார்க்கிறேன். மயிர்க்கூச்செறிகிறது. தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

ஆட்டமாக இருந்தால் இந்த இடத்தில் காகிதத் துணுக்குகள் கூரையிலிருந்து கொட்டும், வெற்றி இசை எழும். நிஜ வழக்கு அதோடு முடியவில்லை. எனக்குப் பிடித்த திருப்பமே இனிமேல்தான். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஓர் ஆணை வந்தது. பிரெஞ்சு இந்தியாவின் குடிமக்கள் தங்கள் மரபான சாதி, மதச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்றது அது. துறந்தால் துறந்ததுதான், திரும்ப முடியாது. துறப்பவர் தமக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் இன்றும் 'ரெனோன்சான்' என்கிறோமே, அவர்கள் வழி இங்கே தொடங்கியது. இந்த இயக்கத்துக்கு முன்னால் நின்றவர் நம் சப்பாத்து வக்கீல். எதிரே மலைபோல் நின்றவர் சாதி இந்துக்களின் தலைவர் சண்முக வேலாயுத முதலியார். பின்னாளில் துறந்தவர்களில் பெரும்பகுதி கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும். கக்கத்தில் செருப்பு இடுக்கியவர்களின் பிள்ளைகள்.

சரி, பொன்னுத்தம்பி தமக்கு என்ன பெயர் தேர்ந்தெடுத்தார்? 'லபோர்த்'. பிரெஞ்சில் கதவு, வாசல்!

காலணியை வாசலில் கழற்று என்று சொல்லப்பட்டவர் வாசலையே பெயராக்கிக்கொண்டார். புதியதொரு உலகத்துக்குள் நுழையும் வாசல் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். எனக்கு அந்தக் கோர்ட் வாசலும் சேர்ந்தே தெரிகிறது. நகரத்தில் லபோர்த் வீதி என்ற பலகையைக் கடந்து எத்தனையோ முறை சைக்கிளில் போயிருக்கிறேன். புதன்கிழமை அதன் முன்னால் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றேன். பெயருக்குள் கதையை ஒளித்து வைக்கும் கலையை ஜப்பானில் 2001-இல் ஷூ தக்கூமி என்ற இளைஞர் செய்தார் என்று எட்டு வாரமாக வியந்து எழுதி வருகிறேன். நம் ஊர் வக்கீல் ஒருவர் அதைத் தம் சொந்தப் பெயரிலேயே செய்து பார்த்துவிட்டார்.

பெயர் மாறும்போது ஆளும் மாறுகிறாரா என்ற கேள்வி ரசிகர்களை அண்மையில் உண்மையாகவே இரண்டாகப் பிரித்தது. 2011-இல் ஜப்பானில் வெளியான 'எட்ஜ்வர்த்' கதைகளின் இரண்டாம் பாகம் ஆங்கிலத்தில் வரவே இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்த ரசிகர்கள் தாங்களே உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். 2014-இல் முழு ஆட்டத்தையும் ஆங்கிலத்தில் ஆட முடிந்தது. காசு வாங்காத வேலை. வசனத்தை மாற்றினால் மட்டும் போதாது, ஒவ்வொரு ஆளுக்கும் சிலேடையோடு புதுப் பெயர் கண்டுபிடிக்க வேண்டும். இச்சியானாகி என்ற இளம் வக்கீல் ஒருவன் அதில் வருகிறான். அவன் பெயரின் எழுத்துகளை வேறு விதமாக வாசித்தால் 'முதல் தரம்' என்று பொருள் வரும், ஆள் அதற்கு நேர் எதிர். ரசிகர்கள் அவனுக்கு 'செபாஸ்டியன் டிபெஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். நீதிபதி ஒருத்திக்கு 'ஜஸ்டின் கோர்ட்னி'. நீதியும் கோர்ட்டும் ஒரே பெயரில் அடக்கம்.

பத்து ஆண்டுகள் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் சிரித்தார்கள், அழுதார்கள், படம் வரைந்தார்கள், வேடம் போட்டார்கள். 2024 செப்டம்பரில் கேப்காமே அதிகாரபூர்வமான ஆங்கில வடிவத்தைக் கொண்டுவந்தது. டிபெஸ்ட் 'யூஸ்டஸ் வின்னர்' ஆனான். கோர்ட்னி 'வெரிட்டி கவெல்' ஆனாள். வீட்டில் பத்து வருடம் கூப்பிட்ட பெயரைப் பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரி எழுதிவிட்டால் தாய்க்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் பலருக்கு இருந்தது. புதிய பெயர்கள் நல்ல பெயர்கள், நேர்மையாகச் செய்த வேலை. ஆனாலும் என் வாய்க்கு அவன் டிபெஸ்ட்தான். யாரும் கேட்காமல், யாரும் கூலி கொடுக்காமல், ஆசையால் வைத்த பெயர் அது.

இன்னொரு ஆட்டத்துக்கும் இதே கதை. மெய்ஜி காலத்து ஜப்பானிய மாணவன் ஒருவன் லண்டன் நீதிமன்றத்துக்குப் போய் வாதாடும் 'தாய் க்யாக்குதென் சைபான்' 2015-இல் ஜப்பானில் வந்தது. ஸ்கார்லெட் ஸ்டடி என்ற ரசிகர் குழு அதையும் மொழிபெயர்த்தது. கேப்காமின் ஆங்கில வடிவம் 2021 ஜூலையில்தான் வந்தது. அதன் முதல் வழக்கில் ஆங்கிலேயப் பெண் ஒருத்தி சாட்சிக் கூண்டில் நிற்பாள். ஜப்பானின் சொந்த நீதிமன்றமே அவள் மனம் கோணக் கூடாதென்று பதறும். முடிச்சை இங்கே அவிழ்க்க மாட்டேன், ஆடாதவர்கள் ஆடிப் பாருங்கள். முதன்முறை ஆடியபோது நல்ல கதை என்று மட்டும் நினைத்தேன். சப்பாத்து வழக்கை மனத்தில் வைத்துக்கொண்டு புதன் இரவு மறுபடி ஆடினேன். அந்த மாணவனின் குரல் நடுங்கும் இடத்தில் என்னால் அடுத்த பொத்தானை அழுத்த முடியவில்லை.

வியாழன் காலை அக்கா மகளிடம் முழுக் கதையையும் சொன்னேன். பாடப் புத்தகத்தில் ரெனோன்சான் பற்றி இரண்டு வரி படித்திருக்கிறாள், சப்பாத்து பற்றி ஒன்றும் தெரியாது. கேட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "இவரை வச்சு ஓர் ஆட்டம் செஞ்சா என்ன பேரு வைக்கலாம்?" என்று கேட்டேன்.

"வைக்கவே வேண்டாம் மாமா. அவரே வச்சுக்கிட்டாரே. எதிர்ல வர்ற நீதிபதிக்குத்தான் யோசிக்கணும்."

அந்த நீதிபதிக்கு இரண்டு பேரும் இன்னும் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். தமிழிலும் பிரெஞ்சிலும் ஒருசேரப் பொருந்த வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. வாசகர்களுக்குத் தோன்றினால் எழுதி அனுப்புங்கள்.

ஆசிரியர் அலுவலகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள், பக்கமும் நிறைந்துவிட்டது. 2008-இல் டோக்கியோவில் நடந்த ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரி அடுத்த வாரம் கட்டாயம் வரும். மறு ஆண்டு, பெண்கள் மட்டுமே நடிக்கும் தக்கராசுக்கா குழு இந்த வக்கீலை மேடையேற்றியதையும் அதோடு சேர்த்துச் சொல்கிறேன்.

(தொடரும்)