பழைய தாளில் ஆளி விதை

சீனாவின் வடமேற்கிலுள்ள கான்சு மாகாணத்தின் மானாவாரி மேட்டுநிலங்களில் ஆண்டு மழை பல இடங்களில் ஏறத்தாழ 400 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி கோடையின் பிற்பாதியில் பெய்துவிடுவதால், விதைக்க வேண்டிய வசந்த காலத்தில் மண் வறண்டு கிடக்கும். இக்குறையை ஈடுசெய்ய அங்குள்ள உழவர்கள் கைக்கொண்ட வழி நெகிழி மூடாக்கு, அதாவது மெல்லிய பாலித்தீன் தாளை நிலத்தின் மேல் விரித்து ஈரம் ஆவியாகாமல் காப்பது. 1970களின் இறுதியில் ஜப்பானிலிருந்து சீனாவுக்கு வந்த இம்முறை கான்சுவில் தனி வடிவம் பெற்றது. சுமார் 70 சென்டிமீட்டர் அகலமுள்ள பெரிய பாரும் 40 சென்டிமீட்டர் அகலமுள்ள சிறிய பாரும் மாறி மாறி அமைத்து, நிலம் முழுவதையும் தாளால் மூடி, இடையிலுள்ள சாலில் துளையிட்டு மக்காச்சோளம் விதைக்கிறார்கள். சிறு தூறலும் பார்களிலிருந்து வழிந்து, துளை வழியே வேரைச் சேர்ந்துவிடுகிறது.

மக்காச்சோளம் அறுவடையானதும் தாளை அகற்றாமல் விட்டு, மறு வசந்தத்தில் அதன் மேலேயே உழவின்றி ஆளி போன்ற எண்ணெய் வித்துப் பயிரை விதைப்பதுதான் பழைய தாளின் மறுபயன்பாடு. குளிர்காலம் முழுவதும் மூடியிருக்கும் மண் இலையுதிர் காலத்து ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதோடு, புதிய தாளின் விலையும் உழவுக் கூலியும் மிச்சமாகின்றன. ஓராண்டு வெயிலிலும் மண்ணிலும் கிடந்து ஒளி ஊடுருவும் தன்மை குன்றிய தாள், புதியதைப் போல் மண்ணைச் சூடாக்குவதில்லை. வெப்பம் விரும்பும் மக்காச்சோளத்துக்கு இது குறையே என்றாலும், குளிர்ச்சியில் முளைத்து வளரும் ஆளிக்கு ஈரம் இருந்தால் போதும். பயிர் வரிசையின் இந்தப் பொருத்தமே இம்முறையின் உண்மையான நுட்பம்.

ஆனால் இதற்கு முன்னேற்பாடு வேண்டும். குளிர்காலத்தில் ஆடுமாடுகள் மிதிக்காமல் நிலத்தைக் காத்து, கிழிசல்களை மண்ணால் அடைத்து, காற்று தூக்காதபடி மக்காச்சோளத் தட்டைகளைப் பரப்பி வைத்தால்தான் வசந்தத்தில் தாள் பயன்படும் நிலையில் இருக்கும். தாள் விரிந்திருக்கையில் அடியுரத்தை மண்ணில் கலக்க இயலாததால், உரத்தையும் துளையிட்டே இட வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி தாளின் தடிமன். நெடுங்காலம் வழங்கிய 8 மைக்ரான், அதாவது 0.008 மில்லிமீட்டர் தாள், இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் நைந்து துண்டுகளாகி மண்ணில் புதைந்து, வேர் இறங்குவதையும் நீர் பரவுவதையும் தடுக்கிறது. பாலித்தீன் எளிதில் மட்குவதில்லை என்பதால் அத்துண்டுகள் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும். 2018 மே முதல் சீனத் தேசியத் தரம் குறைந்தபட்சத் தடிமனை 10 மைக்ரானாக உயர்த்தியதற்கு, தாளை முழுதாகத் திரும்ப எடுக்க வேண்டிய இத்தேவையே முக்கியக் காரணம். ஆளி அறுவடைக்குப் பின் சுருட்டி எடுக்க முடியாத தாளை இரண்டாம் ஆண்டுக்கு நிலத்தில் விட்டுவைப்பது சிக்கனமாகாது. அதன் செலவை அடுத்தடுத்த பயிர்கள் செலுத்தும்.