எதை முதலில் விடுவது?

மலேசியாவின் கேமரன் மலையில் மூட்டுவலி என்றாலே பழி குளிரின்மேல் விழும். அங்குள்ள தானா ராத்தா நகரம் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் விரல் மடங்காவிட்டால், "பனிக்கு அப்படித்தான்" என்று வெந்நீரில் கையை நனைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள் தோட்ட லயத்துப் பெண்கள். குளிர் வலியைக் கூட்டலாம், முடக்குவாதத்தைக் கொண்டுவராது. உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுச் சவ்வைத் தாக்குவதால் வரும் நோய் அது. ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு அதிகம் பிடிக்கிறது.

1929இல் இங்கே போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இந்தச் சரிவுகளில் கொழுந்தெடுத்த தமிழ்ப் பெண்களுக்குப் பொழுதுபோக்கென்று யாரும் நேரம் ஒதுக்கித் தந்ததில்லை. வேலைக்கும் சமையலுக்கும் இடையே கிடைத்த இடுக்கில்தான் கோலம், பூந்தொட்டி, மின்னல் எஃப்எம் வானொலி, தீபாவளி முறுக்கு எல்லாம். அதனால்தான் நோய் வந்ததும் முதலில் கைவிடப்படுபவையும் அவையே. துணி பிழிவதும் பாத்திரம் தேய்ப்பதும் நிற்பதில்லை. இந்த வரிசையை மாற்றியாக வேண்டும். ஈரத்துணியை வீட்டில் வேறு யாரும் பிழியலாம். அவள் கோலத்தை அவள்தான் போட முடியும்.

குனிந்து மாவைக் கிள்ளிப் போடுவது விரல் மூட்டுகளுக்குச் சுமை. மேசைமேல் பலகை வைத்து, தடித்த பிடியுள்ள தூரிகையால் மாக்கோலம் இழைக்கலாம். பூந்தொட்டிகளை இடுப்புயரத் திட்டுக்கு ஏற்றி, களைக்கொத்தின் பிடியில் துணி சுற்றிக்கொள்ளலாம். முறுக்கு அச்சைப் பேரன் அழுத்தட்டும். மாவின் பக்குவம் பாட்டியுடையது. இவற்றையெல்லாம் விடியலில் தொடங்க வேண்டாம். வெயில் ஏறி விறைப்பு தளர்ந்த பிறகு, கொஞ்சநேரம் செய்து கொஞ்சநேரம் ஓய்ந்தால் போதும்.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் இதே நோயால் விரல்கள் சுருண்டும், உள்ளங்கையில் துணி சுற்றி, தூரிகையைப் பிறர் தன் கையில் வைத்துவிட, 1919இல் இறக்கும்வரை வரைந்தார். அவர் காலத்தில் நோயைக் கட்டுப்படுத்தும் மருந்து இல்லை. இன்று மெத்தோட்ரெக்சேட் இருக்கிறது. காலத்தே தொடங்கினால் மூட்டுகள் கோணிப்போவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். வாரத்தில் ஒரே நாள் சாப்பிடும் மருந்து அது. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இரண்டு கைகளும் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று, அது வாரக்கணக்கில் நீடித்தால் தைலத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தானா ராத்தாவிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே போகும்போது வலிக்கிறது என்று மட்டும் சொல்லாமல், கோலம் போட முடியவில்லை, பூச்செடி நட முடியவில்லை என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.