உங்களுக்குத் தெரியுமா? சி.டி.யின் உயிர் மேல்பக்கத்தில்!

பழைய கல்யாண சி.டி.யைக் கையில் எடுத்தால், பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திப் பாதுகாப்போம். உண்மையில் பயப்பட வேண்டியது பெயர் எழுதும் பக்கத்துக்கு. சி.டி.யின் மொத்தக் கனம் 1.2 மி.மீ.; அதில் பெரும்பகுதி வெறும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். ஒளியைத் திருப்பியனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சு மேல்பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. அதற்குக் காவல் ஒரு வார்னிஷ் படலம் மட்டுமே. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே அடிபடும். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால், அங்கே பூச்சு போய்விட்டது. எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அது திரும்பாது. (டி.வி.டி.யில் இந்தப் பூச்சு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது.)

அடிப்பக்கக் கீறலுக்கு வழி உண்டு. 1960-ல் இர்விங் ரீட், கஸ்டாவ் சாலமன் என்ற இரு அமெரிக்கர்கள் வகுத்த பிழைதிருத்தக் கணக்கு, வட்டைச் சுற்றி ஓடும் தகவல் தடத்தில் சுமார் 2.5 மி.மீ. நீளம் அழிந்தாலும் விட்டுப்போனதை நிரப்பிவிடும். அதனால்தான் சி.டி.யை நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு நீண்டு ஓடும், கணக்கு தோற்றுவிடும்.

அப்படியும் சி.டி. ஓடாவிட்டால்? ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கலாம். ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகுதான் திரும்பி வரும். வேலையைப் பாதியில் நிறுத்தி, வட்டை வேறு டிரைவில் போட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.